வெண்டைக்கு லெமன்கிராஸ் எண்ணெய்: கடைசி நான்கு வரிசை மட்டும் ஏன் கருகியது?

கேள்வி, 9 செப்டம்பர் 2023, காலை

ஆடிப்பட்டத்தில் போட்ட வெண்டை, ஐந்து வாரப் பயிர். வெள்ளை ஈயும் அசுவினியும் ஏறிவிட்டன. ஒரு வீடியோவைப் பார்த்து லெமன்கிராஸ் எண்ணெய் வாங்கி, பத்து லிட்டர் டேங்குக்கு 50 மில்லி ஊற்றி, வாரம் ஒன்றாக இரண்டு முறை அடித்துவிட்டேன். ஒரு டேங்க் பன்னிரண்டு வரிசைக்கு வருகிறது. முதல் எட்டு வரிசையில் பூச்சி அப்படியே இருக்கிறது. கடைசி நான்கு வரிசையில் இலை ஓரம் கருகிவிட்டது. பூச்சியைக் கொல்லாத மருந்து இலையை மட்டும் எப்படிக் கருக்கும்? இந்த வாசனை எண்ணெய் விஷயமே ஏமாற்று வேலையா?

9 செப்டம்பர், பகல் 11 மணி

ஏமாற்று இல்லை தம்பி. ஒட்டன்சத்திரம் பக்கம் வெண்டை, கத்தரி, தக்காளி வைப்பவன் நான், ஐந்தாறு வருடமாக இந்த எண்ணெய்களைப் பயன்படுத்திப் பார்க்கிறேன். நீங்கள் வெயிலில் அடித்திருப்பீர்கள். காலை பத்து மணிக்கு மேல் எந்த எண்ணெயை அடித்தாலும் இலை கருகும். அளவும் கூடுதல், லிட்டருக்கு 5 மில்லிக்குப் பதில் 3 மில்லியில் ஆரம்பித்திருக்கலாம்.

இன்னொரு விஷயம். வேப்பெண்ணெயை நினைத்துக்கொண்டு இதை அடிக்காதீர்கள். வேப்பெண்ணெய் கொட்டையைச் செக்கில் ஆட்டி எடுப்பது, கெட்டியானது, இலையில் தங்கும். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சி தோலுரிப்பதைக் கெடுக்கும், பலன் தெரிய நாலைந்து நாள் ஆகும். லெமன்கிராஸ், யூகலிப்டஸ், கிராம்பு எண்ணெய்கள் எல்லாம் நீராவியில் வடிப்பவை. காற்றில் பறந்துவிடும். பட்ட கொஞ்ச நேரத்தில் என்ன செய்கிறதோ அதுதான், அடுத்த நாள் காலையில் இலையை முகர்ந்தால் வாசனைகூட இருக்காது.

9 செப்டம்பர், இரவு

காலையில் அவசரமாகப் பதில் போட்டுவிட்டேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி படித்தபோதுதான் "கடைசி நான்கு வரிசை" என்பது கண்ணில் பட்டது. வெயில்தான் காரணம் என்றால் பன்னிரண்டு வரிசையும் கருகியிருக்க வேண்டும். அளவு கூடுதல் என்றாலும் அப்படித்தான். முதல் எட்டு வரிசையில் பூச்சிக்கும் ஒன்றும் ஆகவில்லை, இலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் அங்கே போனது என்ன?

தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். எதில் அடித்தீர்கள், பேட்டரி டேங்கா கைநெம்பு டேங்கா? எண்ணெயை எதில் கரைத்தீர்கள்? தண்ணீர் எங்கே எடுத்தது?

10 செப்டம்பர், காலை

பேட்டரி டேங்க், கொஞ்சம் காதி சோப்பு, போர் தண்ணீர் என்று தம்பி எழுதியிருக்கிறார். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

எங்கள் போர் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர்தான், சோப்புப் போட்டால் நுரை வராது, வெள்ளையாகத் திரிந்து மேலே மிதக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அரை லிட்டர் போர் தண்ணீர், துளி சோப்புக் கரைசல், இரண்டரை மில்லி லெமன்கிராஸ் எண்ணெய் விட்டுக் குலுக்கினேன். குலுக்கியதும் பால் மாதிரி இருந்தது. ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் போட்டு வந்து பார்த்தால் கீழே தண்ணீர் தெளிந்து நிற்கிறது, மேலே ஒரு விரற்கடைக்கும் குறைவாக மஞ்சள் வளையம், அதனடியில் தயிர்த் துணுக்கு மாதிரி சோப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பாட்டிலில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் அதையே செய்தேன். அது இந்தக் குறிப்பை எழுதும்வரை வெளுப்பாகவே நிற்கிறது.

இப்போது டேங்கை நினைத்துப் பாருங்கள். உறிஞ்சும் வாய் அடியில் இருக்கிறது, எண்ணெய் மேலே மிதக்கிறது. முதல் எட்டு வரிசைக்குப் போனது பெரும்பாலும் வெறும் தண்ணீர். தண்ணீர் இறங்க இறங்க எண்ணெய் அடிக்கு வந்து சேர்கிறது. 50 மில்லியும் கடைசி ஒரு லிட்டரில் கூடிவிட்டால் அது 5 சதவீதம். வெண்டை இலை என்ன, ஆலிலைகூடத் தாங்காது. கைநெம்பு டேங்க் பலவற்றில் நெம்பும்போது உள்ளே ஒரு துடுப்பு அசைந்து கலக்கிக்கொண்டே இருக்கும். என்னுடைய பேட்டரி டேங்கில் அது கிடையாது, உங்களுடையதிலும் இருக்காது.

உங்கள் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லவே முடியாது. எட்டு வரிசைக்கு மருந்தே அடிக்கவில்லை.

10 செப்டம்பர், மாலை

கரூர் அக்கா கேட்டிருக்கிறார்: "நான் கிராம்பு எண்ணெய் அடித்தேன், எனக்கு முதல் வரிசைதான் கருகியது, கடைசி வரிசை நன்றாக இருக்கிறது. நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாக இருக்கிறதே?"

அரை மணி நேரம் குழம்பினேன். பிறகு விளங்கியது. கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், மூழ்கும். லவங்கப்பட்டை எண்ணெயும் அப்படித்தான். லெமன்கிராஸ் வடிக்கிற இடத்தில் ஆவி குளிர்ந்து பாத்திரத்தில் விழும்போது எண்ணெய் மேலே நிற்கும், வழித்தெடுப்பார்கள். நானே நின்று பார்த்திருக்கிறேன். ஒரு டன் புல்லுக்கு நாலைந்து கிலோ எண்ணெய் கிடைத்தால் பெரிது, அந்த ஆள் சொட்டு சொட்டாக எடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கிராம்பு வடித்தால் எண்ணெயை அடியிலிருந்து எடுக்க வேண்டும். ஆகவே காலையில் "எண்ணெய் மேலே மிதக்கிறது" என்று பொதுவாக எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். மிதக்கிற எண்ணெய் கடைசி வரிசையைக் கருக்கும், மூழ்குகிற எண்ணெய் முதல் வரிசையைக் கருக்கும். அக்கா சொன்னது எதிர்சாட்சி இல்லை, அதே கதையின் மறுபக்கம்.

கிராம்பு எண்ணெயில் இன்னொரு எச்சரிக்கை. அதிலுள்ள யூஜினால் செடியையே கொல்லக்கூடியது. வெளிநாடுகளில் அதைக் களைக்கொல்லியாகவே விற்கிறார்கள். புடலை, வெள்ளரி, பீர்க்கு போன்ற மெல்லிய இலைப் பயிருக்கு நான் அதைக் கிட்டே கொண்டுபோவதே இல்லை.

12 செப்டம்பர்

எப்படிக் கலப்பது என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். நான் செய்வது இது.

முதலில் எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றவே கூடாது. ஒரு சின்னப் பாட்டிலில் மழைத்தண்ணீரில் கரைத்த சோப்பை எடுத்துக்கொண்டு, எண்ணெயை அதில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கெட்டிப் பால் பதம் வரும்வரை குலுக்க வேண்டும். மேலே எண்ணெய்ப் பொட்டு ஒன்றுகூடத் தெரியக்கூடாது. பிறகுதான் டேங்கில் பாதி தண்ணீர், அதில் இந்தப் பால், மேலே மீதித் தண்ணீர். மழைத்தண்ணீரோ வேறு மென்தண்ணீரோ இல்லாதவர்கள் சோப்பை விட்டுவிட்டு, உரக்கடையில் கிடைக்கும் ஒட்டும் திரவத்தைப் பயன்படுத்துங்கள், அது சுண்ணாம்புத் தண்ணீரிலும் திரிவதில்லை. என்ன செய்தாலும் இரண்டு வரிசைக்கு ஒருமுறை நின்று முதுகை உலுக்கிக்கொள்ளுங்கள்.

அடிப்பதற்கு முன்னால் பாட்டிலில் ஒரு மாதிரி எடுத்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். பிரிந்தால் அடிக்காதீர்கள். பிரியாவிட்டால் ஐந்து செடிக்கு மட்டும் அடித்து இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

நாசிலை மேலே பார்க்கத் திருப்பி இலையின் அடியில் அடிக்க வேண்டும். பூச்சி இருப்பது அங்கேதான். இலையின் மேல்பக்கம் அடித்த எண்ணெய் வாசனைக்கு மட்டும்தான்.

12 செப்டம்பர், சற்றுப் பிறகு

விட்டுப்போனது: வேலை முடிந்ததும் டேங்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். இந்த எண்ணெய்கள் ரப்பர் வாஷரை ஊத வைத்துவிடும். என் பழைய டேங்கில் வாஷர் ஊதி முதுகெல்லாம் ஒழுகி, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வாய்க்காலில் உட்கார்ந்தேன், அன்று முழுக்கத் தோள்பட்டை எரிந்தது. யூகலிப்டஸ் எண்ணெயைத் தெர்மகோல் கிண்ணத்தில் ஊற்றினால் கிண்ணமே கரையும். அதைப் பார்த்தால் கையுறை எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

16 செப்டம்பர்

எண்ணெய் சுத்தமா என்று எப்படிப் பார்ப்பது என்று கேள்வி. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு நிழலில் வையுங்கள். நல்ல வாசனை எண்ணெய் ஓரிரு நாளில் ஏறக்குறைய தடமில்லாமல் போய்விடும். வடை வைத்த தாள் மாதிரி பளபளவென்று நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. நான் ஒருமுறை ஒரு கடையில் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கியது ஒரு வாரம் கழித்தும் தாளில் அப்படியே நின்றது. ஆனால் டர்பன்டைன் மாதிரி தானும் பறக்கிற பொருளைக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

17 செப்டம்பர், ஞாயிறு

இந்த வாரம் என் வெண்டையிலேயே ஒரு சோதனை செய்தேன். அசுவினி மொய்த்த மூன்று வரிசை. ஒன்றுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்குச் சோப்புக் கரைசல் மட்டும், ஒன்றுக்குச் சோப்பும் லிட்டருக்கு 3 மில்லி லெமன்கிராஸும். ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து செடியில் நூல் கட்டி, நுனியிலிருந்து மூன்றாவது இலையைத் திருப்பி லென்ஸ் வைத்து எண்ணினேன்.

எண்ணெய் வரிசையில் அசுவினி நன்றாகக் குறைந்தது. லென்ஸில் பார்த்தால் சில கருத்துச் சுருங்கி, வாயை இலையில் குத்தியபடியே செத்திருக்கின்றன. தொட்டால் உதிர்கின்றன. இதைப் படம் பிடித்துப் போட்டுவிடலாம் என்று எழுந்தபோது சோப்பு வரிசையைப் பார்த்தேன். அங்கேயும் பாதிக்கு மேல் காணோம். மெல்லுடல் பூச்சியின் மேலிருக்கும் மெழுகைச் சோப்பே கரைத்துவிடும். இத்தனை வருடமாக எண்ணெய்க்கு நான் கொடுத்த பெருமையில் ஒரு பங்கு சோப்புக்குப் போக வேண்டும். எண்ணெய் வரிசை இன்னும் சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் நினைத்த அளவு வித்தியாசம் இல்லை.

இனி யாராவது "என் எண்ணெய் பிரமாதம்" என்று எழுதினால் முதலில் "சோப்பு மட்டும் அடித்துப் பார்த்தீர்களா" என்று கேட்பேன். நானும் இந்த வாரம்வரை பார்த்ததில்லை.

18 செப்டம்பர்

"அப்படியென்றால் எண்ணெய் எதற்கு, சோப்பே போதுமே?" நியாயமான கேள்வி. அசுவினி மட்டும் என்றால், குறைவாக இருக்கும்போது, சோப்பே போதும். எண்ணெய் வேறு வழியிலும் தாக்கும். பூச்சியின் நரம்பில் ஆக்டோபமின் என்று ஒரு பொருள் ஓடுகிறது, ஓட்டம், பறத்தல், இதயத் துடிப்பு எல்லாம் அதை நம்பித்தான். யூஜினால் போன்றவை அந்த இடத்தில் போய் உட்கார்ந்து குழப்பிவிடும். நம் உடம்பில் ஆக்டோபமினுக்கு அவ்வளவு பெரிய வேலை இல்லை. அதனால்தான் இவை பூச்சிக்கு ஒரு மாதிரி, நமக்கு ஒரு மாதிரி. அமெரிக்காவில் 1996லிருந்து கிராம்பு, லெமன்கிராஸ், புதினா, ரோஸ்மேரி எண்ணெய்களைக் குறைந்த ஆபத்துப் பட்டியலில் வைத்து, பதிவு இல்லாமலே பூச்சிமருந்தாக விற்க விட்டிருக்கிறார்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு "குடித்தாலும் ஒன்றும் ஆகாது" என்று நினைக்காதீர்கள். யூகலிப்டஸ் எண்ணெய் ஒரு வாய் உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரை போகும். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். இதை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

24 செப்டம்பர்

இப்போது வெள்ளை ஈ. தம்பி புதிதாகக் கலந்து அடித்துவிட்டு "ஒரு ஈகூட இல்லை அண்ணா" என்று எழுதினார். மூன்றாம் நாள் "மறுபடி வந்துவிட்டது" என்கிறார். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். வளர்ந்த ஈ சாகிறதைவிடப் பறப்பதுதான் அதிகம். வாசனை இருக்கும்வரை பக்கத்துக் கத்தரியில் போய் உட்காரும், போனதும் திரும்பிவிடும். இலையடியில் ஒட்டியிருக்கும் முட்டைக்கும் கூட்டுப் பருவத்துக்கும் இந்த அளவு எண்ணெய் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நம் வெயிலில் முட்டையிலிருந்து ஈயாக மூன்று வாரம்கூட ஆகாது. ஐந்து, ஆறு நாள் இடைவெளியில் மூன்று முறையாவது அடித்தால்தான் அந்தச் சுற்று உடையும்.

வெண்டைக்கு இதைவிடப் பெரிய தொல்லை மஞ்சள் நரம்புத் தேமல். ஈ தூக்கி வருகிற வைரஸ் அது, நரம்பு பழுத்த செடிக்கு எந்த எண்ணெயும் வைத்தியம் இல்லை. பிடுங்கிப் புதையுங்கள். நான்கு செடி போகிறதே என்று பார்த்தால் நாற்பது போகும். தேமல் தாங்கும் ரகம், மஞ்சள் ஒட்டுப்பொறி, ஓரத்தில் இரண்டு வரிசை சோளம், இதெல்லாம் எண்ணெய்க்கு முன்னால் வர வேண்டியவை.

அடிக்கிற நேரத்தையும் திருத்துகிறேன். ஈ மந்தமாக இருக்கும் என்று விடியற்காலையில் அடித்துவந்தேன். வெண்டைப்பூ காலையில் விரியும், தேனீ அப்போதுதான் வரும், மாலைக்குள் பூ மூடிவிடும். இப்போது மாலை ஐந்துக்கு மேல்தான். பொறிவண்டு தென்படும் செடியை விட்டுவிட்டு அடிக்கிறேன், அது ஒன்றே அசுவினியைத் தின்று தீர்த்துவிடும்.

25 செப்டம்பர்

மிளகாய் இலைப்பேனுக்கு ஆகுமா என்று கேட்டவருக்கு: 2021ல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயை அழித்த கருப்பு இலைப்பேன் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்றால், அது பூவுக்குள் போய் உட்காரும், தெளிப்பு அங்கே எட்டாது. இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கத்தரிக் காய்ப்புழுவுக்கும் இதே பதில், காய்க்குள் போன புழுவுக்கு வெளியே என்ன வாசனை வந்தால் என்ன. வாடிய குருத்தைக் கிள்ளி எரிப்பதும் இனக்கவர்ச்சிப் பொறியும்தான்.

8 அக்டோபர்

இவ்வளவு குறை சொல்லிவிட்டு நீங்கள் ஏன் இன்னும் இதை அடிக்கிறீர்கள் என்று கரூர் அக்கா கேட்டார்.

அக்கா, வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பு. விட்டால் முற்றிவிடும், சந்தையில் வாங்க மாட்டார்கள். டப்பாவில் ஐந்து நாள் காத்திரு, ஏழு நாள் காத்திரு என்று போட்டிருக்கும் மருந்தை அடித்துவிட்டு மறுநாள் பறித்து மூட்டை கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். அந்த மூட்டையில் இருந்துதான் வீட்டுக்கும் எடுத்து வருவோம். என் மகள் பச்சை வெண்டையை அப்படியே கடித்துச் சாப்பிடுகிறவள். ஒருநாள் தோட்டத்தில் அவள் வாயில் பாதி வெண்டையைப் பார்த்துவிட்டு, முந்தின நாள் என்ன அடித்தேன் என்று நினைத்துப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. அன்றிலிருந்துதான் இது. பறந்துபோகிறது என்பதுதான் இந்த எண்ணெயின் குறை, பறிக்கிற பயிரில் எனக்கு அதுதான் வேண்டும். காய் வருவதற்கு முன் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம், காய் பறிக்க ஆரம்பித்ததும் தேவைப்பட்டால் மட்டும் லெமன்கிராஸ். அடித்த மறுநாள் காயில் லேசாக வாசனை இருந்தால் கழுவினால் போய்விடுகிறது.

2 நவம்பர்

மழை பிடித்துக்கொண்டது, யாரும் ஒன்றும் அடிக்க வேண்டாம். அசுவினியை மழையே கழுவிவிடும். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் பிடித்து வையுங்கள், அடுத்த பட்டத்துக்குச் சோப்புக் கரைக்க ஆகும்.

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். தேமல் கண்ட பத்தொன்பது செடியைப் பிடுங்கியிருக்கிறார், மிச்சம் பச்சையாக நிற்கிறது, முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நிற வித்தியாசம் தெரியவில்லை.

4 நவம்பர்

மழையில் வேலை இல்லாததால் ஒரு யோசனை. பறந்துபோவதுதான் வெளியில் இதன் குறை என்றால், மூடி வைத்த இடத்தில் அதுவே பலம் ஆக வேண்டும். எங்கள் பாட்டி குதிரில் நெல்லுக்கு நடுவே நொச்சித் தழையை அடுக்குவார், பயறில் வசம்பு தட்டிப் போடுவார். அதுவும் இந்த வாசனைதானே, பாத்திரத்துக்குள் அடைபட்ட வாசனை. தட்டைப்பயறு இரண்டு டப்பாவில் போட்டிருக்கிறேன். ஒன்றில் நான்கு சொட்டு லெமன்கிராஸ் நனைத்த பஞ்சை மெல்லிய துணியில் முடிந்து வைத்து இறுக மூடிவிட்டேன், இன்னொன்றில் ஒன்றும் இல்லை.

27 ஜனவரி 2024

பொங்கல் கழிந்து இன்றுதான் டப்பாக்களைத் திறந்தேன். ஒன்றும் போடாத டப்பாவில் பயறுக்குப் பயறு ஓட்டை, அடியில் மாவு, வண்டு ஊர்கிறது. பஞ்சு வைத்த டப்பாவில் ஒரு வண்டுகூட இல்லை, ஒரு ஓட்டைகூட இல்லை. சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

31 ஜனவரி

விதைப்பதற்கு முன் ஈரத்துணியில் இருபது பயறு முடிந்து வைத்துப் பார்த்தேன். பஞ்சு டப்பாப் பயறில் பதினொன்றுதான் முளை விட்டது. போன வருடம் அம்மா செம்மண் கட்டிக் காயவைத்த பயறு, அதிலும் இருபது வைத்தேன், பத்தொன்பது முளைத்துவிட்டது. வண்டை நிறுத்திய வாசனை முளையையும் நிறுத்தியிருக்கிறது போல. சமைக்கிற பயறுக்கு எண்ணெய்ப் பஞ்சு வைப்பேன், நன்றாகக் கழுவி ஊறவைத்தால் வாசனை தெரியவில்லை. விதைப்பயறுக்குச் செம்மண்தான். நாளைக்குக் குளத்தாங்கரையில் ஒரு கூடை அள்ளி வர வேண்டும்.